வானொலியில் பேஸ்பால்: தனி வர்ணனை வேண்டுமா, தொலைக்காட்சியின் ஒலியே போதுமா?

1. மாலைநேரம் (செயின்ட் லூயிஸ்)

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கத் தொழில்முறை பேஸ்பால் அணிகளின் வானொலி ஒலிபரப்பைப் பற்றி ஓர் இழை தொடங்க வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். டொராண்டோ புளூ ஜேஸ் அணியின் ஆட்டங்களுக்கு 2021-இல் வானொலிக்கென்று தனி வர்ணனை இல்லாமற்போனது. தொலைக்காட்சியில் பேசுகிறவர்களின் குரலையே எடுத்து வானொலியிலும் விட்டார்கள். அடுத்த ஆண்டே தனி வர்ணனை திரும்பிவிட்டது என்றாலும், இப்படியும் நடத்திவிடலாம் என்பது ஒருமுறை செய்து பார்க்கப்பட்டுவிட்டதே என்ற கவலை எனக்கு இன்னும் தீரவில்லை. செலவைக் குறைக்க நினைக்கும் எந்த அணியும் நாளை இதே வழியில் போகலாம். அது கூடாது என்பதே என் கட்சி.

இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்காக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்த ஆட்டத்தின் உச்சப் போட்டியான மேஜர் லீக்கில் உள்ள அணி ஒவ்வொன்றும் ஒரு பருவத்தில் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. சொந்த ஊரில் 81, வெளியூரில் 81. மார்ச் கடைசியில் தொடங்கி செப்டம்பர் கடைசி வரை, ஏறக்குறைய நாள்தோறும் ஓர் ஆட்டம். அத்தனையையும் உட்கார்ந்து பார்க்க யாரால் முடியும்? சமைத்துக்கொண்டும், வண்டி ஓட்டிக்கொண்டும், வீட்டு வாசலில் சாய்ந்துகொண்டும் கேட்பதற்கென்றே அமைந்தது போன்ற ஆட்டம் இது. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே பத்துப் பதினைந்து விநாடி கிடைக்கிறது. அந்த இடைவெளியில் ஒரு மனிதர் களத்தை நமக்குச் சொல்லால் கட்டி எழுப்பிவிட முடியும்.

வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதற்கு ஒரே ஒரு பந்தை எடுத்துக்கொள்வோம். வானொலிக்காரர் இப்படிச் சொல்வார்: இடக்கைப் பிட்சர் (பந்து வீசுபவர்) மேட்டின் மேல் நின்று தோளுக்கு மேலாக முதல் பேஸைப் (ஓட்டக்காரர் தொட்டுச் சுற்றிவரும் நான்கு மூலைகளில் ஒன்று) பார்க்கிறார், ஓட்டக்காரர் மூன்று எட்டு விலகி நிற்கிறார், பேட்டர் ஒரு கையை உயர்த்தி நேரம் கேட்டு, பெட்டியை விட்டு வெளியே வந்து, கையுறையை இறுக்கிக்கொண்டு திரும்புகிறார், பந்து வருகிறது, முழங்காலுக்குக் கீழே, வெளிப்புறமாக, இரண்டு பால், ஒரு ஸ்டிரைக். (அடிக்க வாகில்லாமல் விலகிப் போய், பேட்டரும் விட்டுவிட்ட வீச்சு பால்; அடிக்க வாகாக வந்தும் விட்டதோ, மட்டையை வீசித் தவறவிட்டதோ ஸ்டிரைக்.) அதே பந்துக்குத் தொலைக்காட்சிக்காரர் எதுவுமே சொல்லாமல் இருக்கலாம். அது அவர் குற்றமும் அல்ல, ஏனெனில் படம் எல்லாவற்றையும் காட்டிவிடுகிறது. படத்தின் மேல் பேசுகிறவர் வாயை மூடத் தெரிந்தவராக இருக்க வேண்டும். படமே இல்லாதவருக்குப் பேசுகிறவர் எதையும் விட்டுவிடாதவராக இருக்க வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் ஒரே வாயால் ஒரே நேரத்தில் செய்ய முடியாது.

உங்கள் கருத்துகளை அறிய விரும்புகிறேன்.

2. சிற்றலை

மாலைநேரம் அவர்களுக்கு நன்றி. நான் வானொலி நிலையத்தில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன். ஆட்டத்தின் நுணுக்கம் எனக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் பேஸ்பாலும் வானொலியும் சேர்ந்து வளர்ந்த கதை எங்கள் தொழிலில் எல்லோரும் விரும்பிப் படிக்கிற ஒன்று.

பிட்ஸ்பர்க் நகரத்தின் கே.டி.கே.ஏ. நிலையம் 1920 நவம்பர் 2 அன்று அதிபர் தேர்தல் முடிவுகளை ஒலிபரப்பித் தன் பணியைத் தொடங்கியது. ஓராண்டுகூட ஆகவில்லை, 1921 ஆகஸ்ட் 5 அன்று அதே நிலையம் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணிக்கும் ஃபிலடெல்பியா ஃபிலீஸ் அணிக்கும் நடந்த ஆட்டத்தை ஃபோர்ப்ஸ் ஃபீல்டு மைதானத்திலிருந்து ஒலிபரப்பியது. பேசியவர் ஹெரால்டு ஆர்லின். வர்ணனைக்கென்று தனி அறை அப்போது கிடையாது. பார்வையாளர்களோடு இருக்கையில் அமர்ந்து, தொலைபேசியை மாற்றியமைத்துச் செய்த ஒலிவாங்கியில் பேசினார். பைரேட்ஸ் 8-5 என்ற கணக்கில் வென்றது. மேஜர் லீக் ஆட்டம் ஒன்று வானொலியில் நேரடியாகப் போனது அதுவே முதல்முறை.

தாங்கள் செயின்ட் லூயிஸில் இருப்பதாகப் போட்டிருப்பதால் இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஊரின் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையம் 1120 கிலோஹெர்ட்ஸில், 50 கிலோவாட் திறனில் இயங்கும் மத்திய அலை நிலையம். பகலில் வளிமண்டலத்தின் மேலே 'டி' அடுக்கு என்று ஒன்று உருவாகி மத்திய அலைகளை விழுங்கிவிடும். அதனால் பகலில் தரையை ஒட்டிப் போகும் அலை மட்டுமே நமக்குக் கிடைக்கும். சூரியன் மறைந்ததும் அந்த அடுக்கு கலைந்துவிடும். அதற்கும் மேலே உள்ள அடுக்குகளில் பட்டு அலைகள் திரும்பி, நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் வந்து இறங்கும். இரவில் ஆட்டம், இரவில் நீளும் அலை: இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்திவிட்டன. 1950-களின் நடுப்பகுதி வரை மேஜர் லீக்கின் மேற்கோரத்திலும் தெற்கோரத்திலும் இருந்த அணி செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ்தான். ஆர்கன்சாவிலும் டென்னசியிலும் ஓக்லஹோமாவிலும் இருந்த குடும்பங்கள் மைதானத்தைக் கண்ணால் காணாமலே அந்த அணிக்குத் தலைமுறை தலைமுறையாக விசிறிகளானதற்கு இந்த இரவு அலைக்குப் பெரும்பங்கு உண்டு.

3. கணக்கன்

எதிர்க்கருத்தை ஒருவராவது சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன். நான் வானொலிக்கு எதிரி அல்ல. ஆனால் தனி வர்ணனைக்குழு என்றால் இரண்டு வர்ணனையாளர்கள், ஒரு தயாரிப்பாளர், ஒரு பொறியாளர் என்று குறைந்தது நான்கு பேர். 81 வெளியூர் ஆட்டங்களுக்கு விமானம், விடுதி, உணவு. கேட்கிறவர்கள் குறைந்துகொண்டே வருகிற ஒரு காலத்தில் இதை யார் தாங்குவது?

மேலும், மைதானத்தில் இருந்து பேசினால்தான் வானொலி வர்ணனை என்ற வாதத்தை வரலாறே ஏற்கவில்லை. 1930-களில் வெளியூர் ஆட்டங்களுக்குப் பெரும்பாலும் யாரும் போகவில்லை. தந்தியில் வரும் சுருக்கக் குறிப்பை வைத்துக்கொண்டு நிலையத்துக்குள் அமர்ந்து, ஆட்டம் கண்முன் நடப்பது போலப் பேசினார்கள். மட்டையின் ஓசைக்கு மரக்குச்சி, கூட்டத்தின் ஆரவாரத்துக்கு ஒலித்தட்டு. பின்னாளில் அமெரிக்க அதிபரான ரொனால்டு ரேகன் அயோவா மாநிலத்தின் டபிள்யூ.எச்.ஓ. நிலையத்தில் சிகாகோ கப்ஸ் ஆட்டங்களை அப்படித்தான் சொன்னார். ஒருமுறை தந்தி நின்றுபோனபோது, தொடர்பு திரும்பும்வரை பேட்டரைப் பந்துக்குப் பந்து ஃபவுல் (எல்லைக்கோட்டுக்கு வெளியே போகும் அடி) அடிக்க வைத்தே நிமிடங்களை ஓட்டியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார். கேட்டவர்கள் மகிழ்ச்சியாகத்தான் கேட்டார்கள். அப்படியிருக்க, இன்று உயர்தரப் படத்தைத் திரையில் பார்த்துக்கொண்டே பேசினால் என்ன குறைந்துவிடும்? 2020-இல் கொரோனா காரணமாக வெளியூர் ஆட்டங்களை எல்லாரும் அவரவர் ஊரில் இருந்தே திரையைப் பார்த்துச் சொன்னார்களே?

4. மாலைநேரம்

கணக்கன் அவர்களே, நல்ல கேள்வி. தந்தியில் இருந்தே தொடங்குகிறேன்.

ரேகன் சொன்ன அந்த நிகழ்ச்சி உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்க்கவில்லை, என் வாதத்துக்கே சேர்க்கிறது. அந்த நிமிடங்களில் மைதானத்தில் உண்மையில் என்ன நடந்தது என்பது பேசியவருக்கே தெரியாது. கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள் என்பது சரி. ஆனால் அவர்கள் கேட்டது ஆட்டத்தை அல்ல. வேறு வழி இல்லாத காலத்தில் அந்தக் கலைஞர்கள் செய்ததை நான் மதிக்கிறேன். வழி இருக்கும்போது அதற்குத் திரும்புவது வேறு விஷயம்.

செலவைப் பற்றிய அச்சமும் புதியதல்ல. வானொலியில் இலவசமாகக் கேட்டால் நுழைவுச்சீட்டு வாங்க யார் வருவார்கள் என்று பயந்து, நியூயார்க்கின் யாங்கீஸ், ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் ஆகிய மூன்று அணிகளும் 1934 முதல் 1938 வரை ஐந்து பருவங்களுக்குத் தங்கள் ஆட்டங்களை ஒலிபரப்பவே விடுவதில்லை என்று உடன்படிக்கை செய்துகொண்டன. அந்தக் கட்டுப்பாட்டை உடைத்தவர் புரூக்ளின் அணியின் நிர்வாகத்துக்கு வந்த லாரி மெக்ஃபெய்ல். தாம் முன்பு நடத்திய சின்சினாட்டி அணியில் பேசிக்கொண்டிருந்த ரெட் பார்பரை அழைத்துவந்து 1939-இல் ஒலிபரப்பைத் தொடங்கினார். மற்ற இரண்டு அணிகளும் வேறு வழியின்றி அதே ஆண்டில் பின்தொடர்ந்தன.

பார்பரைப் பற்றி ஒரு சிறு செய்தி. அவர் தம் முன்னால் முட்டை வேகவைக்கும் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை வைத்திருப்பார். மணல் இறங்கி முடிந்ததும் ஆட்டத்தின் கணக்கைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைத் திருப்பி வைப்பார். ஏன் அவ்வளவு கவனம்? வானொலி கேட்பவர் நடுவில்தான் வந்து சேருகிறார். வண்டியில் ஏறியவர், கடைக்குள் நுழைந்தவர், குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு வந்தவர் என்று ஒவ்வொரு நிமிடமும் புதிதாக ஒருவர் வருகிறார். அவர்களுக்கு முதல் தேவை கணக்குதான். தொலைக்காட்சியில் அது திரையின் மூலையில் எப்போதும் இருக்கிறது. அதனால் அங்கே பேசுகிறவர் பதினைந்து நிமிடம் அதைச் சொல்லாமலே இருந்துவிடுவார். அந்த ஒலியை அப்படியே வானொலிக்குத் திருப்பிவிட்டால், வண்டியில் இருப்பவர் யார் முன்னிலையில் இருக்கிறார்கள் என்று தெரியாமலே வீடு போய்ச் சேருவார்.

திரையைப் பார்த்துச் சொன்னால் என்ன குறையும் என்று கேட்டீர்கள். இயக்குநர் காட்டத் தேர்ந்தெடுத்தது மட்டுமே திரையில் தெரியும். பந்து மட்டையில் பட்ட கணத்தில் மைதானத்தில் இருக்கும் வர்ணனையாளர் பந்தைப் பார்ப்பதில்லை. அவுட்ஃபீல்டரின், அதாவது களத்தின் தொலைவில் நிற்பவரின், கால்களைப் பார்க்கிறார். அவர் திரும்பி ஓடத் தொடங்கினால் பந்து சுவர் வரை போகிறது என்று பொருள்; இரண்டு எட்டு வைத்து நின்றுவிட்டால் சாதாரணக் கேட்ச். இரண்டாவது பேஸிலிருந்து ஓட்டக்காரர் மூன்றாவதைத் தாண்டப் பயிற்சியாளர் கையைச் சுழற்றுகிறாரா, அடுத்த பிட்சர் ஓரத்தில் தயாராகிறாரா, காற்று கொடியை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதெல்லாம் படச்சட்டத்துக்கு வெளியே நடப்பவை. 2020-இன் ஒலிபரப்புகளில் பலவற்றைக் கேட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்: அந்த ஆண்டின் வர்ணனையாளர்கள் தங்களால் இயன்றதையெல்லாம் செய்தார்கள், ஆனால் அடித்த பந்து காற்றில் எழும்போதெல்லாம் அவர்கள் குரலில் ஒரு சிறு தயக்கம் இருந்தது. படம் மாறுவதற்காக அவர்கள் காத்திருந்தார்கள்.

5. மணற்கேணி (லாஸ் ஏஞ்சலஸ்)

இந்த இழையில் வின் ஸ்கல்லியின் பெயர் இன்னும் வராதது எனக்கு வியப்பாக இருக்கிறது. அவர் 1950-இல் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணியின் ஒலிபரப்பில் ரெட் பார்பரிடம் தொழில் கற்றுக்கொண்டு சேர்ந்தார். அணி 1958-இல் லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்தபோது உடன் வந்தார். 2016 வரை, 67 பருவங்கள், அதே ஒரு அணிக்காகப் பேசினார். 2022 ஆகஸ்டில் மறைந்தார்.

கணக்கன் அவர்கள் கேட்பவர்கள் குறைகிறார்கள் என்றார். எங்கள் ஊரில் மைதானத்தில் உட்கார்ந்திருந்தவர்களே வானொலியைக் கேட்டார்கள் என்பதைச் சொல்ல விரும்புகிறேன். சொந்த மைதானம் கட்டி முடிக்கும்வரை 1958 முதல் 1961 வரை அணி ஆடியது மெமோரியல் கொலீசியத்தில். அது அமெரிக்கக் கால்பந்துக்கும் ஓட்டப் பந்தயத்துக்கும் கட்டப்பட்ட மாபெரும் கிண்ணம். பின்வரிசையில் இருந்தவர்களுக்கு ஆட்டக்காரர்கள் எறும்பு அளவுதான் தெரிந்தார்கள். கைக்கு அடக்கமான டிரான்சிஸ்டர் அப்போதுதான் பரவியிருந்தது. கண்முன் நடப்பது என்னவென்று தெரிந்துகொள்ளப் பல்லாயிரம் பேர் அதைக் காதில் வைத்துக்கொண்டு வந்தார்கள். 1960-இல் ஓர் ஆட்டத்தின்போது, அன்று பிறந்தநாள் கொண்டாடும் நடுவர் ஃபிராங்க் செகோரிக்கு வாழ்த்துச் சொல்லும்படி ஸ்கல்லி வானொலியில் கேட்டுக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ண, அரங்கம் முழுவதும் ஒரே குரலில் வாழ்த்தியது. அறிவிப்பு எதுவும் மைதானத்தின் ஒலிபெருக்கியில் வரவில்லை. அத்தனை பேர் கையிலும் வானொலி இருந்தது.

1965 செப்டம்பர் 9 அன்று சாண்டி கோஃபாக்ஸ் சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிராக ஆடிய முழுமையான ஆட்டத்தின் ஒன்பதாவது இன்னிங்ஸ் பதிவு கிடைத்தால் எல்லோரும் ஒருமுறை கேளுங்கள். 27 பேட்டர்கள் வந்தார்கள். ஒருவர்கூட முதல் பேஸைத் தொடவில்லை. கணக்கு 1-0. ஸ்கல்லி அதைச் சொல்லும் முறையைக் கவனியுங்கள். கோஃபாக்ஸ் நெற்றியைத் துடைக்கிறார், தொப்பியைச் சரிசெய்கிறார், மேட்டின் பின்பக்கம் போய் நிற்கிறார் என்று ஒவ்வோர் அசைவையும் சொல்கிறார். அங்கிருந்த 29,000 பேரின் வயிற்றிலும் படபடப்பு என்பதைப் பத்து லட்சம் வண்ணத்துப்பூச்சிகள் என்கிறார். இடையிடையே நேரத்தைச் சொல்கிறார். கோஃபாக்ஸுக்குப் பின்னாளில் பதிவைக் கொடுக்கும்போது நாளும் நேரமும் அதிலேயே இருக்கட்டும் என்பதற்காக அவர் கையாண்ட பழக்கம் அது. கடைசி பேட்டர் ஹார்வி கூன். இரண்டு பால், இரண்டு ஸ்டிரைக். இரவு 9 மணி 46 நிமிடம். அவர் மட்டையை வீசித் தவறவிடுகிறார். முழுமையான ஆட்டம் என்று அறிவித்துவிட்டு ஸ்கல்லி அரை நிமிடத்துக்கும் மேல் பேசவே இல்லை. கூட்டத்தின் இரைச்சல் மட்டும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கிறது. சிறுவயதில் வீட்டு வானொலிப் பெட்டியின் அடியில் தலையை வைத்துப் படுத்துக்கொண்டு கூட்டத்தின் ஆரவாரம் தம்மேல் கொட்டுவதைக் கேட்டு வளர்ந்தவர் அவர். அந்த ஒலி என்ன செய்யும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாலைநேரம் அவர்கள் சொன்னதில் ஒரு திருத்தம் மட்டும்: வானொலிக்காரரும் எங்கே வாயை மூட வேண்டும் என்று அறிந்தவராக இருக்க வேண்டும். ஆனால் அதுவரை எல்லாவற்றையும் சொல்லியிருந்தால்தான் அந்த மௌனத்துக்குப் பொருள் வரும்.

6. செவிச்செல்வம் (நியூ ஜெர்சி)

நான் இந்த மன்றத்தில் படிப்பதோடு சரி, எழுதுவது அரிது. இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு நாற்பது வயதுக்குள் பார்வை போய்விட்டது. விழித்திரை நோய். மகளோடு இருப்பதற்காக இந்த ஊருக்கு வந்தபோது பேஸ்பால் என்றால் என்னவென்றே எனக்குத் தெரியாது. மருமகன் மாலையில் யாங்கீஸ் ஆட்டத்தை வானொலியில் வைப்பார். ஜான் ஸ்டெர்லிங், சூசன் வால்டுமன் இருவரும் பேசுவார்கள். முதல் சில வாரம் வெறும் ஓசை. பிறகு ஒருநாள் என் மகள் ஒரு தாம்பாளத்தை எடுத்து, பல்லாங்குழிச் சோழிகளில் ஒன்பதை அதில் அடுக்கி, என் விரலைப் பிடித்துக் காட்டினாள். இங்கே பிட்சர், அவருக்கு நேர் எதிரே கேட்சர், இந்த நான்கு மூலையும் நான்கு பேஸ், இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் நிற்பவர் ஷார்ட்ஸ்டாப், தூரத்தில் மூன்று பேர். பேஸுக்கும் பேஸுக்கும் 90 அடி. பிட்சர் நிற்கும் இடம் 60 அடி 6 அங்குலம். அன்றிலிருந்து அவர்கள் சொல்லச் சொல்ல என் விரல் தாம்பாளத்தில் நகர்ந்தது. ஒரு மாதத்தில் தாம்பாளம் தேவைப்படவில்லை.

தொலைக்காட்சியின் ஒலியையும் நான் கேட்டிருக்கிறேன். நல்லவர்கள், விஷயம் தெரிந்தவர்கள். ஆனால் இதைப் பாருங்கள், மறுபடி மெதுவாகப் பாருங்கள், அந்தக் கை எங்கே இருக்கிறது பாருங்கள் என்று ஒரு நிமிடம் பேசுவார்கள். எந்தக் கை, எங்கே இருக்கிறது என்பதைச் சொல்ல மாட்டார்கள். ஆட்டம் அடுத்த அறையில் நடக்கிறது, கதவு சாத்தியிருக்கிறது என்பது போல இருக்கும்.

கணக்கன் ஐயா, செலவு பற்றிய உங்கள் கேள்வி நியாயமானது. ஆனால் இரண்டும் ஒன்றுதான், எனவே ஒன்று போதும் என்று மட்டும் எழுதாதீர்கள். இரண்டும் ஒன்றல்ல.

7. கணக்கன்

செவிச்செல்வம் ஐயா, தாங்கள் எழுதியதை இரண்டுமுறை படித்தேன். இரண்டும் ஒன்றுதான் என்ற பொருளில் நான் எழுதியிருந்தால் அதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் பணம் எங்கிருந்து வருகிறது என்பதை நாம் பேசித்தான் ஆகவேண்டும். எனக்குத் தெரிந்த அளவில் அமைப்பு இது: அணி, சொந்த ஊரில் ஒரு தலைமை நிலையத்தோடு ஒப்பந்தம் செய்கிறது, சுற்றுவட்டார ஊர்களில் உள்ள சிறு நிலையங்கள் அதிலிருந்து எடுத்து ஒலிபரப்புகின்றன. சில அணிகளுக்கு நிலையம் உரிமைத்தொகை கொடுக்கிறது. சில அணிகள் தாங்களே நேரத்தை வாங்கி விளம்பரத்தை விற்றுக்கொள்கின்றன. வர்ணனையாளருக்குச் சம்பளம் கொடுப்பவர் அணியா நிலையமா என்பதும் ஊருக்கு ஊர் மாறும்.

அலையின் வீச்சு முக்கியம் என்று சிற்றலை ஐயா சொன்னதற்கு நானே ஒரு சான்று தருகிறேன். கார்டினல்ஸ் அணி 2006-இல் கே.எம்.ஓ.எக்ஸ். நிலையத்தை விட்டு, தான் பங்கு வாங்கியிருந்த கே.டி.ஆர்.எஸ். நிலையத்துக்கு மாறியது. கணக்குப்படி அது புத்திசாலித்தனமான முடிவு. விளம்பர வருவாய் அணியின் கைக்கே வரும். ஆனால் இரவில் அந்த நிலையத்தின் அலை தொலைதூரம் எட்டவில்லை. 2011-இல் அணி பழைய நிலையத்துக்கே திரும்பியது. வரவு-செலவு ஏட்டில் எழுத முடியாத ஏதோ ஒன்று அந்த அலையில் இருந்தது என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

8. சிற்றலை

கணக்கன் அவர்கள் கடைசியாகச் சொன்னதைப் பிடித்துக்கொண்டு ஓர் எச்சரிக்கையைச் சொல்கிறேன். வர்ணனையாளரைக் காப்பாற்றினாலும், அவர் குரல் போகும் பாதை தேய்ந்துகொண்டிருக்கிறது.

மின்சாரக் கார்களின் மோட்டாரும் மின்னோட்டத்தை மாற்றித் தரும் சுற்றுகளும் மத்திய அலைவரிசையில் இரைச்சலைக் கிளப்புகின்றன. அதைக் காரணம் காட்டிச் சில நிறுவனங்கள் மின்சார வண்டிகளில் மத்திய அலை வானொலியையே எடுத்துவிட்டன. ஃபோர்டு நிறுவனம் தன் புதிய வண்டிகளில் அதை நீக்கப்போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் 2023 மே மாதத்தில் அந்த முடிவைக் கைவிட்டது. எல்லா வண்டிகளிலும் மத்திய அலை இருக்க வேண்டும் என்று சட்டமுன்வரைவும் அமெரிக்க நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. கவசமும் வடிகட்டியும் போட்டால் அந்த இரைச்சலை அடக்க முடியும்; ஆனால் அதற்கும் செலவு உண்டு.

இணையத்தில் கேட்கலாமே என்பார்கள். கேட்கலாம், ஆனால் அந்த ஒலி அரை நிமிடமோ அதற்கு மேலோ தாமதமாகத்தான் வரும். ஒலியைத் துண்டு துண்டாக வெட்டி, குறுக்கி, சேமித்து, பிறகு அனுப்புவதால் ஏற்படும் தாமதம் அது. மணற்கேணி அவர்கள் சொன்ன கொலீசியம் காட்சி கைப்பேசியால் நடக்காது. இன்று மைதானத்தில் உட்கார்ந்து கைப்பேசியில் வர்ணனை கேட்பவருக்கு, ஓட்டக்காரர் ஹோம் பேஸைத் தொட்டுவிட்டு வந்து உட்கார்ந்த பிறகுதான் காதில் பந்து அடிக்கப்படும். பழைய மத்திய அலையில் இந்தத் தொல்லை இருந்ததில்லை. மட்டையின் ஓசை காற்றில் வந்து சேருவதற்கு முன்பே வானொலியில் வந்துவிட்டது.

9. மணற்கேணி

இன்னொரு குரலையும் பதிவு செய்ய வேண்டும். டாட்ஜர்ஸ் அணி லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த முதல் ஆண்டிலிருந்தே ஸ்பானிய மொழியிலும் ஒலிபரப்பியது. ஈக்வடார் நாட்டின் கயாம்பே ஊரில் பிறந்த ஹைமே ஹரீன் 1955-இல் இங்கு வந்தபோது பேஸ்பால் ஆட்டத்தையே பார்த்ததில்லை. 1959-இல் அணியின் ஸ்பானிய வர்ணனையில் சேர்ந்து 2022 வரை பேசினார். முதல் சில ஆண்டுகள் வெளியூர் ஆட்டங்களுக்கு அவரை அனுப்பவில்லை. நிலையத்தில் அமர்ந்து, ஆங்கில வர்ணனையைக் காதில் வாங்கிக்கொண்டே ஸ்பானியத்தில் ஆட்டத்தைப் புதிதாகச் சொன்னார். கணக்கன் அவர்கள் இதைத் தம் பக்கச் சான்றாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அவர் கேட்டு எழுப்பியது ஸ்கல்லியின் வானொலி வர்ணனையிலிருந்து. மூலத்தில் பிட்சரின் தொப்பியும் கொடியின் அசைவும் இருந்ததால்தான் அவருக்கும் சொல்வதற்குப் பொருள் கிடைத்தது.

1981-இல் மெக்சிகோவின் சிற்றூரிலிருந்து வந்த இளம் பிட்சர் ஃபெர்னாண்டோ வாலன்சுவேலா நகரத்தையே புரட்டிப்போட்டபோது, செய்தியாளர் கூட்டங்களில் அவருக்கு மொழிபெயர்ப்பாளராக அருகில் நின்றவர் ஹரீன்தான். இந்த ஊரில் பல வீடுகளில் தாத்தாவும் பேரனும் ஒரே அணியை இரண்டு மொழிகளில் கேட்டு வளர்ந்திருக்கிறார்கள். தொலைக்காட்சி ஒலியை எல்லாருக்கும் பொதுவாக விட்டால் முதலில் போவது இந்த வகைக் குரல்கள்தான் என்று அஞ்சுகிறேன்.

10. மாலைநேரம்

2023-இல் வந்த பிட்சருக்கான கடிகாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிட்சர் அதற்குள் வீசத் தொடங்கிவிட வேண்டும்: பேஸ்களில் ஆளில்லாவிட்டால் 15 விநாடி, இருந்தால் 20 விநாடி. அடுத்த ஆண்டு அந்த 20 விநாடி 18 ஆனது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 3 மணி 4 நிமிடத்திலிருந்து 2 மணி 40 நிமிடமாகக் குறைந்தது. பார்ப்பவர்களுக்கு நல்லது. வானொலிக்காரர்களுக்கோ கதை சொல்லும் இடம் சுருங்கிவிட்டது. ஆனால் எதை விடுவது, எதைச் சொல்வது என்ற தேர்வு இப்போது இன்னும் கூர்மையாகியிருக்கிறது. கதை குறைந்தாலும் பந்து எங்கே விழுந்தது என்பது குறையக் கூடாது.

கணக்கன் அவர்களே, தங்களிடம் ஒரு வேண்டுகோள். வர்ணனையாளர்கள் ஒவ்வொருவரும் முன்னால் ஒரு கணக்கேடு வைத்துக்கொண்டு ஆட்டத்தை எழுதுவார்கள். பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது 4, மூன்றாவது 5, ஷார்ட்ஸ்டாப் 6, இடது, நடு, வலது அவுட்ஃபீல்டு 7, 8, 9. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவதுக்கு எறிந்து, அங்கிருந்து முதலுக்கு எறிந்து ஒரே அடியில் இருவரை அவுட் ஆக்கும் டபுள் பிளே 6-4-3. நீங்கள் கணக்கு எழுதுவதில் தேர்ந்தவர். இன்று ஓர் ஆட்டத்தில், திரையைத் துணியால் மூடி, தொலைக்காட்சி ஒலியை மட்டும் கேட்டு இரண்டு இன்னிங்ஸ் எழுதுங்கள். அடுத்த இரண்டை வானொலியில் கேட்டு எழுதுங்கள்.

11. கணக்கன்

நேற்றிரவு செய்தேன்.

தொலைக்காட்சி ஒலியில் எழுதிய இரண்டு இன்னிங்ஸில் ஐந்து கட்டங்கள் வெறுமையாக நிற்கின்றன. ஒரு அவுட் யாரிடம் போனது என்றே எனக்குத் தெரியவில்லை. கூட்டம் கத்தியது, அருமையான ஆட்டம் என்றார்கள், விளம்பரம் வந்துவிட்டது. இன்னொரு பேட்டர் எப்படி இரண்டாவது பேஸுக்குப் போனார் என்பதும் விளங்கவில்லை. வானொலியில் எழுதிய இரண்டு இன்னிங்ஸில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. ஒரு ஃபவுல் பந்து எந்தப் பக்கத்து இருக்கைகளில் விழுந்தது என்பதுகூட ஓரத்தில் எழுதியிருக்கிறேன். அதற்கு ஏட்டில் இடமே கிடையாது.

வெளியூர்ப் பயணச் செலவை யார் ஏற்பது என்ற என் கேள்வி அப்படியே நிற்கிறது. தனி வர்ணனை வேண்டுமா என்ற கேள்வியை மட்டும் நான் விட்டுவிட்டேன். செவிச்செல்வம் ஐயா, அந்தச் சோழிகளை எந்த வரிசையில் அடுக்கினீர்கள் என்று விளக்கமாக எழுதுவீர்களா? என் தாயாருக்கு இப்போது கண்ணில் புரை முற்றியிருக்கிறது. மாலைகளில் அவருக்குத் துணையாக எதையாவது வைக்க வேண்டும் என்று பார்க்கிறேன்.

12. செவிச்செல்வம்

கட்டாயம் எழுதுகிறேன். தாம்பாளத்தின் விளிம்பு அவர்கள் வயிற்றைத் தொடும்படி மடியில் வையுங்கள். வயிற்றுக்குப் பக்கத்தில் இருப்பதுதான் ஹோம் பேஸ். முதல் சோழியை அங்கே வையுங்கள், அது கேட்சர். அடுத்ததை அதிலிருந்து ஒரு சாண் தள்ளி நேர்கோட்டில், அது பிட்சர். மற்றவற்றை இன்று வைக்க வேண்டாம். இந்த இருவருக்கும் இடையில் பந்து போய்வருவது பழகியபிறகு முதல் பேஸை வைக்கலாம், அவர்கள் வலக்கைப் பக்கம்.